புவியின் வயதும் இலங்கைக் கனியங்களும்

உலகம் தோன்றி எத்துணைக் காலமாயிற்று என்னும் வினா மிகப் பழையது. நம் புராணங்கள் பிரமதேவனின் ஒரு பகலைக் கற்பம் என வகுத்து, அதற்கு 432 கோடி ஆண்டுகளை அளவாகக் கூறின. மேனாட்டிலே அயர்லாந்துப் பேராயர் ஜேம்ஸ் அஷர் என்பார் வேதாகமத்தில் வரும் வமிச வரலாறுகளைக் கூட்டிக் கணித்து, உலகம் கி. மு. 4004ஆம் ஆண்டிற் படைக்கப்பட்டதென 1650இல் எழுதினார். ஒரு மரபு கோடிகளிற் பேசிற்று. மற்றது ஆயிரங்களிற் பேசிற்று. எனினும் இரண்டும் நூலை ஆதாரமாகக் கொண்டனவேயன்றிக் கல்லைக் கேட்டறிந்தன அல்ல. கல்லைக் கேட்கும் முறையை மனிதன் கற்றுக்கொண்டவாற்றையும், அக்கல்விக்கு இலங்கையின் ஆற்றுப் பரல்களிடையே கிடைத்த சில கனியங்கள் துணைநின்றவாற்றையும் எடுத்துக் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஹற்றன் 1788இல் சிக்கர் முனை என்னும் கடற்கரைப் பாறையை நண்பர் இருவருடன் சென்று கண்டார். அங்கே அடியிலுள்ள படைகள் ஏறத்தாழச் செங்குத்தாக நின்றன. அவற்றின் மேல் செம்மணற்கற் படைகள் சற்றே சாய்ந்து கிடந்தன. கீழ்ப்படைகள் கடலடியிற் படிந்து, இறுகி, மடிந்து உயர்ந்து, தேய்ந்தபின் அன்றோ மேற்படைகள் படிந்திருத்தல் வேண்டும்? இவ்வளவும் நிகழ ஆறாயிரம் ஆண்டுகள் எங்ஙனம் போதும்? ஹற்றன் வழியைச் சார்ள்ஸ் லயல் 1830 முதல் வெளியிட்ட நூலால் நிலைநாட்டினார். சார்ள்ஸ் டார்வின் 1859இல் வெளியிட்ட நூலிலே, இங்கிலாந்தின் வீல்ட் என்னும் நிலப்பகுதி தேய்வதற்கு மாத்திரம் ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகள் சென்றிருக்கும் என்றார். உயிரினங்கள் படிப்படியாகக் கூர்ப்படைந்தன என்னும் அவரது கொள்கைக்கு நெடுங்காலம் இன்றியமையாதது.

இந்நெடுங்காலத்தை மறுத்து எழுந்தவர் அக்காலப் பௌதிக அறிஞருள் தலைசிறந்தவரான வில்லியம் தொம்சன். பிற்காலத்திற் கெல்வின் பிரபு எனப்பட்டவர். சுரங்கங்களில் ஆழஞ் செல்லச் செல்ல வெப்பம் மிகுகின்றது. எனவே புவி உள்ளிருந்து வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கின்றது. உருகிய நிலையில் இருந்த உருண்டையொன்று இன்றைய நிலைக்கு ஆற எத்துணைக் காலம் செல்லும் என அவர் 1862இற் கணித்தார். விடை 2 கோடிக்கும் 40 கோடிக்கும் இடைப்பட்டதாக அமைந்தது. 1897இல் அவர் அதனை மேலும் சுருக்கி, 2 கோடி முதல் 4 கோடி ஆண்டுகளே என்றார். டார்வின் தமது நூலின் பிற்பதிப்பிலிருந்து வீல்ட் பற்றிய கணக்கை நீக்கிவிட்டார். பாறைகளைப் படித்தவர்கள் தம் கண்கண்டதை நம்புவதா, பெரும் பௌதிகரின் சமன்பாட்டை நம்புவதா என்று தடுமாறினர். கெல்வினின் கணக்கிற் பிழையில்லை. கணக்கு எழுந்த எடுகோளிலேயே பிழை இருந்தது. அவரிடம் முன்னர் உதவியாளராய் இருந்த ஜோன் பெரி என்பவர் 1895இல் இதனைச் சுட்டினார். புவியின் உட்பாகம் வெப்பத்தை விரைவிற் கடத்துமாயின் வயது பன்மடங்கு உயரும் என அவர் காட்டினார். அவர் சொல் அன்று அம்பலம் ஏறவில்லை.

இதே காலத்தில் வேறொரு வாயில் திறந்தது. பிரான்சில் ஹென்றி பெக்கெரல் யுரேனிய உப்புக்கள் தாமே கதிர்களை வீசுதலை 1896இற் கண்டார். மறு ஆண்டு ஜே. ஜே. தொம்சன் இலத்திரனைக் கண்டறிந்தார். 1898இல் கியூரி தம்பதிகள் பொலோனியத்தையும் இரேடியத்தையும் வெளிப்படுத்தினர். மொன்றியல் நகரில் ஏர்ணெஸ்ட் இரதபோட்டும் பிரெடெரிக் சொடியும் 1902, 1903ஆம் ஆண்டுகளில் இவற்றின் உட்பொருளை விளக்கினர். கதிர்த்தொழிற்பாடு என்பது ஒரு மூலகத்தின் அணு சிதைந்து வேறொரு மூலகத்தின் அணுவாதலே. எந்த அணு எப்பொழுது சிதையும் எனக் கூறல் இயலாது. ஆயின் கோடானுகோடி அணுக்களுள் அரைப்பங்கு சிதையும் காலம் என்றும் மாறாதது. அதுவே அரைவாழ்வுக்காலம். யுரேனியம் 238இற்கு அது ஏறத்தாழ 447 கோடி ஆண்டுகள். தோரியம் 232இற்கு ஏறத்தாழ 1,400 கோடி ஆண்டுகள். நாழிகை வட்டிலில் ஏறிய நீரைக் கண்டு நம் முன்னோர் பொழுதறிந்தனர். அதுபோலக் கனியமொன்றில் எஞ்சிய தாய்மூலகத்தையும் விளைந்த சேய்மூலகத்தையும் அளந்து அதன் வயதை அறியலாம்.

இவ்விளைவின் கணக்கை இன்றைய அறிவுகொண்டு எளிதிற் காட்டலாம். யுரேனியம் 238இன் கருவில் 92 புரோத்தன்களும் 146 நியூத்திரன்களும் உள. அது படிப்படியாக 8 அல்பாத் துணிக்கைகளையும் 6 பீற்றாத் துணிக்கைகளையும் வெளிவிடுகின்றது. அல்பாத் துணிக்கை என்பது இரு புரோத்தன்களும் இரு நியூத்திரன்களும் கொண்ட ஈலியக் கரு. ஆகவே திணிவெண் 238இலிருந்து 32 குறைந்து 206 ஆகும். பீற்றாத் தேய்விலே கருவிலுள்ள நியூத்திரன் ஒன்று புரோத்தனாக மாறி, ஓர் இலத்திரனையும் ஓர் எதிர்நியூத்திரினோவையும் வெளிவிடுகின்றது. நியூத்திரனுக்குள் இருக்கும் குவாக்கு ஒன்று இனம் மாறுதலே இதன் அடிப்படை. எனவே புரோத்தன்கள் 92இலிருந்து 16 குறைந்து, 6 கூடி, 82 ஆகும். 82 புரோத்தன் உடையது ஈயம். தோரியம் 232, 6 அல்பாவையும் 4 பீற்றாவையும் விட்டு ஈயம் 208 ஆகும். இவ்விருவகை ஈயத்தின் வேறுபாட்டைப் பின்னர் காண்போம்.

இரேடியம் ஓயாது வெப்பம் உமிழ்கின்றது எனப் பியேர் கியூரியும் லபோர்டும் 1903இல் அளந்து காட்டினர். அடுத்த ஆண்டு இலண்டன் இரோயல் நிறுவனத்தில் இரதபோட் இப்பொருள்பற்றிப் பேசினார். அவையில் முதியவரான கெல்வின் அமர்ந்திருந்தார். புதிய வெப்பமூலம் எதுவும் கண்டறியப்படாதவரையிலேயே தம் கணக்குச் செல்லும் என்று கெல்வின் முன்னரே வரம்பிட்டிருந்ததை எடுத்துக் கூறி, அம்மூலம் இன்று கிடைத்துவிட்டது என இரதபோட் நயமாக முடித்தார். ஆயினும் பெரி சுட்டிய குறையே கெல்வினின் கணக்கிற் பெரியது என்பது இன்று தெளிவாகியுள்ளது.

இனி இலங்கைக்கு வருவோம். கொழும்பிற் பிறந்து, இலண்டனிற் புவிச்சரிதவியல் பயின்ற ஆனந்த குமாரசுவாமி இலங்கைக் கனிய ஆய்வின் முதற் பணிப்பாளராக 1903 முதல் 1906 வரை கடமையாற்றினார். கலைத் தத்துவ ஆசானாகவே அவரை அறிந்தோர் பலர். அவர் கற்களை ஆய்ந்தவர் என்பதை அறிந்தோர் சிலரே. பலாங்கொடைப் பகுதியின் ஆற்றுப் பரல்களிடையே கிடைத்த கனமான கருநிறக் கனியமொன்றை 1904இல் அவர் முதலில் யுரேனினைற்று எனக் கருதினார். இலண்டனில் வின்டம் டன்ஸ்ரன் அதனைப் பகுத்தபோது, பெரும்பங்கு தோரியம் ஒட்சைட்டே எனக் கண்டு, தோரியனைற்று எனப் பெயரிட்டார். தோரியமும் யுரேனியமும் ஒருங்கே செறிந்த அக்கனியம் உலகின் ஆய்வுகூடங்கள் பலவற்றுக்கும் உடனே வேண்டப்பட்டது. ஆர். ஜே. ஸ்ட்ரட் அதிலே ஈலியம் தோன்றும் வேகத்தை நேரே அளந்து, அதன் வயது 25 கோடி ஆண்டுகளுக்குக் குறையாதென 1910இல் அறிவித்தார். ஈலியம் வாயுவாதலின் கல்லிலிருந்து கசிந்துவிடும். ஆகவே அது வயதின் கீழெல்லையையே காட்டும்.

யேல் பல்கலைக்கழகத்துப் பேர்ட்ரம் போல்ட்வுட் கசியாத ஈயத்தைத் துணைக்கொண்டார். அவர் 1907இல் வெளியிட்ட பட்டியலில் கனியங்களின் வயது 41 கோடி முதல் 220 கோடி ஆண்டுகள்வரை சென்றது. யாவற்றினும் முதுமை பெற்று நின்றது இலங்கைத் தோரியனைற்றே. இருபத்தொரு வயதேயான ஆதர் ஹோம்ஸ் 1911இல் இக்கணக்கைத் திருத்தி அதனை 164 கோடி எனக் குறைத்தார். அப்போதும் முதலிடம் இலங்கைக்கே. நாட்டுப்பற்றுக்கு இனிய செய்தியாயினும் அது உண்மையன்று. இலங்கையின் மேன்மாறிய பாறைகளில் இக்கனியங்கள் உருவான காலம் ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்டதென இன்று அறியப்படுகின்றது. பிழை எங்கே? தோரியம் ஈயமாகாது எனப் போல்ட்வுட் கருதினார். தோரியம் மிகுந்த கனியத்தின் ஈயம் முழுவதையும் யுரேனியத்தின் கணக்கில் எழுதியதால் வயது பெருகிற்று.

இப்பிழையைத் தீர்க்கவும் இலங்கைக் கனியமே உதவிற்று. ஒரே மூலகத்தின் அணுக்கள் திணிவில் வேறுபடலாம் என்னும் சமதானிக் கொள்கையைச் சொடி 1913இல் வெளியிட்டார். அது மெய்யாயின் தோரியத்தில் விளைந்த ஈயம் சாதாரண ஈயத்தினும் பாரமாதல் வேண்டும். இலங்கைத் தோரைற்றுக் கனியத்தைத் துண்டுதுண்டாகத் தெரிந்தெடுத்து, ஏறத்தாழ 20 கிலோகிராமிலிருந்து அவர் ஈயம் பிரித்தார். சாதாரண ஈயத்தின் அணுநிறை 207.2, இவ்வீயத்தினதோ ஏறத்தாழ 207.7. யுரேனியக் கனியங்களின் ஈயம் சாதாரண ஈயத்தினும் இலேசானது என அமெரிக்காவில் ரிச்சட்ஸ் அதே காலத்திற் கண்டிருந்தார். ஈயம் ஒன்றன்று, பல என்பது உறுதியாயிற்று.

ஒவ்வொரு சமதானியையும் தனித்தனி எண்ணும் திணிவு நிறமாலைக் கருவிகளை அஸ்ரனும் நியரும் செப்பமாக்கியபின் கணக்கு நேர்ப்பட்டது. புவியின் முதற் பாறைகள் அழிந்துபோனமையாற் கிளேர் பற்றர்சன் விண்கற்களை நாடினார். அரிசோனாவில் வீழ்ந்த கனியன் டியாப்லோ விண்கல்லின் ஈயத்தையும் பிற விண்கற்களின் ஈயத்தையும் ஒப்பிட்டு, புவியின் வயது 455 கோடி ஆண்டுகள், அதில் 7 கோடி கூடலாம் குறையலாம் என 1956இல் முடிவு கண்டார். காற்றிலும் தூசியிலும் கலந்த ஈயம் அளவைக் கெடுக்காவண்ணம் அவர் ஆய்வுகூடத்தைத் துப்புரவாக வைத்த கடுமை பெரிதும் பேசப்படுவது. அவர் கண்ட எண் இன்றும் பெரிதாக மாறவில்லை.

அவுஸ்திரேலியாவின் ஜக் மலைப்பகுதியில் ஏறத்தாழ 440 கோடி ஆண்டு வயதுடைய சிர்க்கோன் பளிங்குகள் கண்டறியப்பட்டமை 2001இல் வெளியாயிற்று. சிர்க்கோன் உருவாகும்போது யுரேனியத்தை ஏற்று ஈயத்தை ஒதுக்குவதால் அது மிகச் சிறந்த கடிகாரம். அவுஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் கருவியில் இத்தகைய அளவீடுகளுக்கு நெடுங்காலம் நியமமாய் இருந்தது, ஏறத்தாழ 57 கோடி ஆண்டு வயதுடைய ஓர் இலங்கைச் சிர்க்கோனே. மூத்த கல் என்னும் பெயரை இழந்த நாடு, பிற கற்களை அளக்கும் உரைகல்லாயிற்று.

கெல்வின் எழுப்பிய வெப்ப வினாவுக்கும் துணிக்கைப் பௌதிகமே விடை தந்தது. புவிக்குள்ளிருந்து வரும் எதிர்நியூத்திரினோக்களின் முதற் சான்றை யப்பானின் கம்லான்ட் ஆய்வுநிலையம் 2005இல் அறிவித்தது. யுரேனியமும் தோரியமும் உள்ளே சிதைகின்றமைக்கு அவை நேர்ச் சாட்சிகள். புவி இழக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ அரைப்பங்கு கதிர்த்தொழிற்பாட்டால் எழுவதென அதன் 2011ஆம் ஆண்டு முடிவு காட்டிற்று. எஞ்சியது புவி தோன்றிய காலத்து வெப்பம். ஆகவே கெல்வின் முற்றாகத் தோற்றாருமல்லர்.

கற்பத்தின் 432 கோடியும் பற்றர்சனின் 455 கோடியும் அருகருகே நிற்பதைக் கண்டு, நம் முன்னோர் யாவும் அறிந்திருந்தனர் எனக் கூறத் தோன்றும். அது முறையன்று. காலம் மனித வாழ்வினும் மிகப் பெரியது என உணர்ந்த அவர்தம் உள்ளப் பரப்பைப் போற்றலாம். அதனை அளவீடு என்றல் ஆகாது. அளவீட்டின் பெருமை அது தரும் எண்ணில் இல்லை. தன் பிழையைத் தானே கண்டு திருத்திக்கொள்ளும் ஆற்றலில் உள்ளது. யார்வாய்க் கேட்பினும் மெய்ப்பொருள் காண்பதே அறிவு என்பது நம் மறை. கெல்வின் வாய்க் கேட்டதையும், போல்ட்வுட் வாய்க் கேட்டதையும் அவ்வாறே ஆராய்ந்த சிலரால் அன்றோ புவியின் வரலாறு நமக்குக் கிடைத்தது.