கணினி அடிக்கடி தானாக அணைகிறதா? உதிரிபாகத்தை மாற்றும் முன் கவனிக்க வேண்டியவை

நிரப்பி முடிக்கும் தறுவாயில் உள்ள தேர்வு விண்ணப்பம், கடையின் வரவு-செலவுக் கணக்கு, பாதி எழுதிய ஆய்வேடு என எதுவாக இருந்தாலும், கணினி முன்னறிவிப்பின்றி அணைந்தால் சேமிக்கப்படாத பணி வீணாகிவிடும். எஸ்எம்பிஎஸ், ரேம், மதர்போர்டு என ஒன்றன்பின் ஒன்றாக மாற்றியும் குறை நீங்காமல் பணத்தை இழப்போரும் உண்டு. கணினி எப்போது, எவ்வாறு அணைகிறது என்பதை முதலில் கவனித்துக் குறித்து வைத்தால் இத்தகைய செலவைப் பெருமளவு தவிர்க்கலாம். விண்டோஸ் இயங்குதளம் கொண்ட மேசைக் கணினியிலும் மடிக்கணினியிலும் இக்குறை ஏற்படுவதற்கான காரணங்களையும், அவற்றைக் கண்டறியும் முறைகளையும் இங்குக் காண்போம்.

முதல் பணி: கோப்புகளுக்கு நகல்

வட்டில் தரவு எழுதப்பட்டுக்கொண்டிருக்கும்போது மின்சாரம் துண்டிக்கப்பட்டால், அந்தக் கோப்பு மட்டுமன்றிக் கோப்பமைப்பே சேதமடைய வாய்ப்புள்ளது. எனவே, கணினி இயங்கும் நேரத்தைப் பயன்படுத்தி முக்கியக் கோப்புகளை வெளிப்புற ஹார்டு டிஸ்க், பென் டிரைவ் அல்லது இணையச் சேமிப்பகத்துக்கு முதலில் நகலெடுக்க வேண்டும். 'பிட்லாக்கர்' குறியாக்கம் செயல்பாட்டில் இருந்தால், அதன் 48 இலக்க மீட்புத் திறவுகோலையும் எழுதி வைத்துக்கொள்வது அவசியம். மதர்போர்டை மாற்ற நேரிட்டால் அந்தத் திறவுகோல் இன்றி வட்டில் உள்ளவற்றைத் திறக்க இயலாது.

அணையும் விதம் கூறும் செய்தி

திறந்திருக்கும் மென்பொருள்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, முறைப்படி கணினி அணைந்தால், மென்பொருள் ஒன்றோ விண்டோஸ் புதுப்பிப்போ அதற்கான கட்டளையைப் பிறப்பித்துள்ளது எனக் கொள்ளலாம். நீலத் திரை தோன்றி, அதன்பின் கணினி மீண்டும் தொடங்கினால், டிரைவர் மென்பொருள், ரேம் அல்லது வட்டு ஆகியவற்றில் கோளாறு இருக்கலாம். சுவரில் உள்ள ஸ்விட்சை அணைத்ததுபோல் நொடிப்பொழுதில் திரை இருண்டால், மின்வழங்கல், வெப்பம், பேட்டரி ஆகிய மூன்றையும் முதலில் ஆராய வேண்டும்.

நீலத் திரை சில நேரங்களில் கண்ணில் படுவதற்குள் மறைந்துவிடும். 'சிஸ்டம் பிராப்பர்ட்டீஸ்' பகுதியில் 'அட்வான்ஸ்டு', 'ஸ்டார்ட்அப் அண்ட் ரெகவரி' ஆகியவற்றுக்குச் சென்று, தானியங்கி மறுதொடக்கத்துக்கான தேர்வை நீக்கினால் அத்திரை நிலைத்து நிற்கும். அதில் உள்ள பிழைக் குறியீட்டைக் கைபேசியில் படமெடுத்துக்கொள்ளலாம்.

கணினியின் நாட்குறிப்பு

ஸ்டார்ட் பொத்தானை வலது கிளிக் செய்தால் தோன்றும் பட்டியலில் 'ஈவென்ட் வியூவர்' உள்ளது. அதில் 'விண்டோஸ் லாக்ஸ்' என்பதன் கீழுள்ள 'சிஸ்டம்' பிரிவில், கணினி அணைந்த நேரத்தை ஒட்டிய பதிவுகளைப் பார்க்க வேண்டும்.

1074 என்ற எண் இருந்தால், எந்த மென்பொருள் அல்லது எந்தப் பயனர் கணக்கு கணினியை அணைத்தது என்ற விவரம் அதிலேயே இருக்கும். 6008 என்பது முந்தைய அணைவு எதிர்பாராதது என்பதைக் குறிக்கும். 'கெர்னல்-பவர்' என்ற பெயருடன் வரும் 41, கணினி முறைப்படி மூடப்படாமல் மீண்டும் தொடங்கியதைத் தெரிவிக்கிறது. பலரும் 41 என்ற எண்ணைக் கண்டதும் எஸ்எம்பிஎஸ் பழுது என முடிவு செய்கின்றனர். உண்மையில் அது விளைவை மட்டுமே பதிவு செய்கிறது; காரணத்தைக் கூறுவதில்லை. எனினும், அதன் விவரப் பகுதியில் 'பக்செக்' குறியீடு பூஜ்யமாக இருந்தால் மின்தடை, வெப்பம் போன்றவற்றையும், வேறு எண்ணாக இருந்தால் நீலத் திரைக் கோளாறையும் நோக்கி ஆய்வைத் தொடரலாம்.

பயாஸ் திரையில் ஒரு சோதனை

கணினியை இயக்கியவுடன் டெலிட் அல்லது எஃப்2 விசையை அழுத்தினால், பெரும்பாலான கணினிகளில் பயாஸ் திரை தோன்றும். அத்திரையிலேயே அரை மணி நேரம் விட்டுவைக்க வேண்டும். விண்டோஸ் இயங்காத அந்த நிலையிலும் கணினி அணைந்தால், கோளாறு வன்பொருளிலோ மின்வழங்கலிலோ உள்ளது என்பது ஏறத்தாழ உறுதியாகும். இயங்குதளத்தை அழித்து மீண்டும் நிறுவுவதால் அப்போது பயன் இராது. அணையாவிட்டால் வன்பொருளில் குறையே இல்லை என்று பொருளாகாது. பயாஸ் திரையில் கணினியின் பணிச்சுமை குறைவு என்பதே அதற்குக் காரணம்.

வெப்பம்

செயலியின் வெப்பம் வரம்பை நெருங்கும்போது அது தன் வேகத்தைத் தானாகக் குறைத்துக்கொள்ளும். அதற்குப் பின்னரும் வெப்பம் உயர்ந்தால், சேதத்தைத் தவிர்க்க மின்சாரமே துண்டிக்கப்படும். மடிக்கணினிகளில் உள்ள இன்டெல் செயலிகள் பலவற்றுக்கு அந்த வரம்பு 100 டிகிரி செல்சியஸ் ஆகும்.

வெப்பத்தால் அணையும் கணினியை உடனே மீண்டும் இயக்கினால் சில நிமிடங்களிலேயே அணையும். நன்கு ஆறவிட்டு இயக்கினால் நெடுநேரம் தாக்குப்பிடிக்கும். மின்விசிறியின் இரைச்சலும் முன்னதாக அதிகரிக்கும். மெத்தை, தலையணை ஆகியவற்றின் மீது மடிக்கணினியை வைப்பதைத் தவிர்த்தல், காற்றுத் துளைகளில் படிந்த தூசியை அகற்றுதல், செயலியின் மீதுள்ள உலர்ந்த தெர்மல் பேஸ்ட்டைப் புதுப்பித்தல் ஆகியவை இதற்கான தீர்வுகள்.

மின்சாரம், யுபிஎஸ், இன்வெர்ட்டர்

இந்தியாவில் வீடுகளுக்கு 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் வழங்கப்படுகிறது. இதன் ஒரு சுழற்சி 20 மில்லி விநாடி. மின்சாரம் நின்ற பிறகு எஸ்எம்பிஎஸ் ஏறத்தாழ 16 மில்லி விநாடி மட்டுமே தாக்குப்பிடிக்கும் வகையில் பொதுவாக வடிவமைக்கப்படுகிறது. அதாவது, ஒரு சுழற்சிக்கும் குறைவான நேரமே கணினிக்குக் கிடைக்கிறது.

மின்தடையின்போது விளக்கும் விசிறியும் தொடர்ந்து இயங்க, கணினி மட்டும் அணைவதன் காரணம் இதுவே. வீட்டு இன்வெர்ட்டர்கள் பலவற்றில் 'நார்மல்', 'யுபிஎஸ்' என இரு நிலைகள் உண்டு. பேட்டரி மின்சாரத்துக்கு மாற நார்மல் நிலையில் கூடுதல் நேரமாகும். யுபிஎஸ் நிலைக்கு மாற்றினாலே பல இடங்களில் குறை நீங்கிவிடும்.

கணினிக்கெனத் தனி யுபிஎஸ் இருந்தால், அதைத் தவிர்த்துச் சுவர் பிளக்கில் நேரடியாக இணைத்துச் சோதிக்கலாம். அப்போது குறை நீங்கினால் யுபிஎஸ்ஸை ஆராய வேண்டும். நேரடி இணைப்பிலும் கணினி அணைந்து, குறிப்பாக விளையாட்டு, காணொலித் தொகுப்பு போன்ற கடும் பணியின்போது அது நிகழ்ந்து, வெப்பமும் வரம்புக்குள் இருந்தால், எஸ்எம்பிஎஸ் மீது ஐயம் கொள்ளலாம். சரிபார்க்கப்பட்ட வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸைத் தற்காலிகமாக இணைத்துப் பார்க்குமாறு கடைக்காரரிடம் கேட்பது, புதியதை வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியதாகும்.

மடிக்கணினி பேட்டரி

சார்ஜர் இணைப்பில் ஒழுங்காக இயங்கும் மடிக்கணினி, பேட்டரியில் 30 அல்லது 40 சதவீதம் காட்டும்போதே அணைந்தால், பேட்டரி நலிவடைந்திருக்கக்கூடும். கமாண்ட் பிராம்ப்ட்டில் 'பவர்சிஎஃப்ஜி' கட்டளை வாயிலாகப் பேட்டரி அறிக்கையைப் பெறலாம். அதில் உள்ள வடிவமைப்புக் கொள்ளளவையும் தற்போதைய முழுக் கொள்ளளவையும் ஒப்பிட்டால் நிலை தெளிவாகும்.

மென்பொருளும் தீநிரலும்

2024 ஜூலை 19 அன்று, கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்பு ஒன்றால் உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் பாதிக்கப்பட்டதாக மைக்ரோசாஃப்ட் மதிப்பிட்டது. நீலத் திரை தோன்றி அவை மீண்டும் மீண்டும் தொடங்கின. இந்திய விமான நிலையங்களில் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ்கள் வழங்கப்பட்டன. அக்கணினிகளின் வன்பொருளில் எந்தக் குறையும் இல்லை. பிழையான கோப்பு நீக்கப்பட்டதும் அவை இயங்கின. அண்மையில் நிறுவிய மென்பொருள் அல்லது டிரைவருக்குப் பின் குறை தொடங்கியிருந்தால், 'சேஃப் மோட்' நிலையில் அதை நீக்கிப் பார்க்க வேண்டும். ரேமைச் சோதிக்க 'விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக்' என்ற கருவி இயங்குதளத்திலேயே உள்ளது.

தீநிரலும் காரணமாகலாம். 2003 ஆகஸ்டில் பரவிய 'பிளாஸ்டர்' தீநிரல், 60 விநாடி எண்ணிக்கையுடன் கணினிகளை மறுதொடக்கம் செய்யவைத்தது. அது பயன்படுத்திய குறைபாட்டுக்கான திருத்தம் அதற்கு முந்தைய மாதமே வெளியிடப்பட்டிருந்தது. தீநிரல்களை நீக்கும் இலவசக் கருவிகள் மத்திய அரசின் சைபர் ஸ்வச்சதா கேந்திரா தளத்தில் கிடைக்கின்றன. உடனே அழைக்குமாறு தொலைபேசி எண்ணுடன் திரையில் தோன்றும் எச்சரிக்கைகளை நம்பக் கூடாது. அவற்றால் பணத்தை இழந்தோர் 1930 என்ற எண்ணில் புகார் அளிக்கலாம்.

உடனடியாக நிறுத்த வேண்டிய தருணங்கள்

கருகிய வாடை, புகை, உப்பிய பேட்டரி ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் கணினியை மீண்டும் இயக்கக் கூடாது. எஸ்எம்பிஎஸ் பெட்டியைத் தாமே திறப்பதும் ஆபத்தானது. இணைப்பைத் துண்டித்த பின்னரும் அதன் மின்தேக்கிகளில் உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

கடைக்குச் செல்லும்போது

அணைந்த தேதி, நேரம், அப்போது செய்த பணி, பிழைக் குறியீடு, பயாஸ் சோதனையின் முடிவு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்வது நல்லது. மாற்றப்படும் உதிரிபாகத்துக்கு ரசீது கேட்பதுடன், பழைய பாகத்தைத் திரும்பப் பெற வேண்டும். உத்தரவாதக் காலம் முடியாத கணினியை வெளியில் திறக்கும் முன், உத்தரவாத நிபந்தனைகளைப் படிப்பது அவசியம். மின்னணுப் பொருள்களின் பழுதுநீக்கம், உத்தரவாதம் தொடர்பான விவரங்களுக்கென மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் 'ரைட் டு ரிப்பேர்' இணையதளத்தைத் தொடங்கியது. சேவைக் குறைபாடு குறித்து தேசிய நுகர்வோர் உதவி மையத்தை 1915 என்ற எண்ணில் அணுகலாம்.