இரத்தப் பையும் இத்தாலித் தொழிற்சாலையும்

இரத்ததான முகாமில் படுத்திருக்கேக்க பக்கத்தில் மெல்ல மெல்ல நிரம்புகிற பையைப் பார்த்திருப்பீர்கள். ஒருமுறை பாவித்ததும் அது கழிவு. ஏன் அதை உருக்கித் திரும்பப் பாவிக்க ஏலாது? இதற்கான பதில் அந்தப் பை பிறந்த கதையிலேயே இருக்கிறது.

இரண்டாம் உலகப் போரில் இரத்தம் கண்ணாடிப் போத்தல்களில்தான் போனது. போத்தல் உடையும். திரும்பப் பாவிக்கிறதென்றால் கழுவி அவிக்க வேண்டும். இரத்தம் இறங்குவதற்குப் போத்தலுக்குள் காற்றை விட வேண்டும். அதோடு கிருமியும் போகலாம், காற்றுக்குமிழி நோயாளியின் நாளத்துக்குள்ளும் போகலாம். 1950 இல் அமெரிக்க வைத்தியர்களான கார்ல் வால்ட்டரும் வில்லியம் மர்பியும் பி.வி.சி. பையைக் கொண்டுவந்தார்கள். அது உடையாது, இரத்தம் இறங்க இறங்கத் தானாகவே சுருங்கும். செங்குழியம், பிளாஸ்மா, குருதிச் சிறுதட்டு என்று தனித்தனியாகப் பிரிப்பதும் இலகுவானது. ஒருவர் கொடுத்த இரத்தம் பலருக்குப் போகத் தொடங்கியது.

ஆனால் பி.வி.சி. இயல்பில் விறைப்பானது. வீட்டுத் தண்ணிக் குழாயை நினைத்துப் பாருங்கள். அதைப் பையாக இளக்க டி.இ.எச்.பி. என்ற தலேற்று சேர்த்தார்கள். பையின் நிறையில் 40% வரை அதுவாக இருக்கலாம். அது பிளாஸ்டிக்கோடு இறுக ஒட்டியிருக்காது. இரத்தத்துக்குள் கசிகிறது என்பது 1970களின் தொடக்கத்தில் தெரியவந்தது. விசித்திரம் என்னவென்றால், கசிகிற அதே பொருள்தான் செங்குழியங்கள் உடையாமலும் காக்கிறது. அதனால் கைவிடவும் முடியவில்லை.

பி.வி.சி.யை எரித்தால் ஐதரசன் குளோரைட்டு வாயு வரும், டயொக்சினும் உருவாகலாம். சரி, எரிக்காமல் கரைத்தால் என்ன? இத்தாலியின் ஃபெராரா நகரில் 2002 இல் தொடங்கிய வினைலூப் தொழிற்சாலை அதைத்தான் செய்தது. கரைப்பானில் பி.வி.சி. மட்டும் கரையும். மற்றதை வடித்தெடுத்துவிட்டு, நீராவி செலுத்தினால் பி.வி.சி. திரும்பத் திண்மமாகப் படியும். கரைப்பானையும் மீட்டுப் பாவிக்கலாம். அங்கே போனது வைத்தியசாலைக் கழிவல்ல. பழைய வயர் உறைகளும் தார்ப்பாய்களும். ஆனால் அவற்றிலும் இருந்தது இதே தலேற்று வகைதான்.

வடியில் அது சிக்கவில்லை. மீட்டெடுத்த பி.வி.சி.யோடு சேர்ந்தே வந்தது. இதற்கிடையில் ஐரோப்பிய ஒன்றியம் டி.இ.எச்.பி.க்குக் கட்டுப்பாடுகளை இறுக்கியது. 2018 இல் தொழிற்சாலை மூடப்பட்டது.

இரத்தப் பைகளைக் கிருமி நீக்கிக் கரைத்தாலும் இதே சுவரில்தான் போய் முட்டுவோம். மீள்சுழற்சி தோற்றதென்று சொல்லுகிறபோது நாங்கள் குப்பைத் தொட்டியை மட்டும் பார்க்கிறோம். 1950இல் அந்தப் பை உயிர்களைக் காத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அதற்குள் என்ன கலந்தார்கள் என்ற கேள்வியை அன்றைக்கே கேட்டிருந்தால், இன்றைக்கு அதை எங்கே போடுவது என்று யோசிக்க வேண்டி வந்திருக்காது. அடுத்ததாக வருகிற புதுப் பைக்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்க வேண்டும்.