மாமாவோட மருந்து மிஷினும் மந்திரம் சாரோட இரும்பும்

இன்னைக்கு எபிசோடு ஒரு தப்புல இருந்து ஆரம்பிக்குது. தப்பு பண்ணது நான்தான்.

பாப்பிரெட்டிப்பட்டி பக்கம், வாணியாறு தண்ணி பாயுற நிலம் எங்க மாமாவுக்கு. குச்சிக்கிழங்குக்கு மருந்தடிக்க, முதுகுல மாட்டுற பேட்டரி மிஷின் வச்சிருக்கார். உள்ள 12 வோல்ட் லெட் ஆசிட் பேட்டரி. அது மட்டுமே ரெண்டு கிலோவுக்கு மேல. "லித்தியம் போட்டுத் தர்றேன் மாமா, வெயிட்டே தெரியாது"ன்னு பந்தாவா சொன்னேன். பழைய லேப்டாப் செல்களை மூணு அடுக்கா சேர்த்தேன். முழு சார்ஜுல ஒரு செல்லுக்கு 4.2 வோல்ட், மூணுக்கும் 12.6. கணக்கு சரி. ஓவர்சார்ஜ் ஆனா கட் பண்ற பிஎம்எஸ் போர்டை மட்டும் "அடுத்த லீவுக்கு வந்து போட்டுக்கலாம்"னு விட்டுட்டேன்.

மாமா பழைய சார்ஜரையே மாட்டிட்டார். பின் பொருந்துச்சு, மாட்டினார். அவர் மேல என்ன தப்பு? அந்த லெட் ஆசிட் சார்ஜர் 14.4 வோல்ட் வரைக்கும் தள்ளும். மூணால வகுத்தா செல்லுக்கு 4.8! மாட்டுக்கொட்டகை முழுக்கப் புகை. பேக்கைக் கம்பால வெளியே தள்ளி, மண்ணை அள்ளிக் கொட்டினாராம். கன்னுக்குட்டி கட்டியிருந்தது அங்கிருந்து நாலடி தூரத்துல. நல்லவேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகல.

ஏன் இப்படி ஆச்சுன்னு தேடினப்பதான் இந்த வரலாறு கிடைச்சுது.

1980-ல ஆக்ஸ்ஃபோர்டுல ஜான் குட்இனஃப் குழு, கோபால்ட் ஆக்சைடை லித்தியம் பேட்டரியோட நேர்முனையா பயன்படுத்தலாம்னு காட்டுச்சு. 1985-ல ஜப்பான்ல அகிரா யோஷினோ அதைப் பாதுகாப்பான செல்லா வடிவமைச்சார். 1991-ல சோனி அதை விற்பனைக்குக் கொண்டுவந்துச்சு. கையில தூக்கிட்டுப் போற கேமரா, லேப்டாப், செல்போன் எல்லாம் அந்த வழியில வந்ததுதான். ஆனா சார்ஜ் ஏறின கோபால்ட் ஆக்சைடு ரொம்ப சூடானா, தன்கிட்ட இருக்கற ஆக்சிஜனை விட்டுடும். எரியுற திரவமும் ஆக்சிஜனும் ஒரே டப்பாக்குள்ள. மண்ணைக் கொட்டினாலும் உள்ள எரியறது சட்டுனு நிக்காது.

இங்கதான் நம்மாளு ஒருத்தர் வர்றார். ஆறுமுகம் மந்திரம். தெற்கே ஒரு சின்ன கிராமத்துல பிறந்து, மதுரைப் பல்கலைக்கழகத்துல படிச்சு, சென்னை ஐஐடியில முனைவர் பட்டம் வாங்கி, குட்இனஃப் கிட்ட ஆராய்ச்சிக்குப் போனவர். 1986-ல குட்இனஃப் டெக்சாஸ் பல்கலைக்கழகத்துக்கு மாறினப்ப இவரும் போனார்.

கோபால்ட் விலை அதிகம். இரும்பு மலிவு. ஆனா சாதாரண இரும்பு ஆக்சைடுல வோல்டேஜ் வரல. மந்திரமும் குட்இனஃபும் இரும்போட வெறும் ஆக்சிஜனுக்குப் பதிலா மாலிப்டேட், சல்ஃபேட் மாதிரி கூட்டு அயனிகளை வச்சுப் பார்த்தாங்க. 1987, 1989-ல கட்டுரைகள் வந்துச்சு. அதே இரும்புதான், ஆனா மாலிப்டேட்டோட 3 வோல்ட், சல்ஃபேட்டோட 3.6. கந்தகம் ஆக்சிஜனைத் தன் பக்கம் இழுக்கறதால, இரும்புக்கும் ஆக்சிஜனுக்கும் நடுவுல பிடி தளருது, வோல்டேஜ் ஏறுது. இந்த யோசனையைப் பிடிச்சுத்தான் 1997-ல பாதி, நஞ்சுண்டசாமி, குட்இனஃப் மூணு பேரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பத்தி எழுதினாங்க. இதுல பாஸ்பரஸ் ஆக்சிஜனை இறுக்கிப் பிடிச்சுக்கும், சூடானாலும் லேசுல விடாது.

2019-ல வேதியியல் நோபல் குட்இனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ மூணு பேருக்கும். குட்இனஃபுக்கு அப்ப வயசு 97. ஸ்டாக்ஹோம்ல அவருக்குப் பதிலா நோபல் உரையைக் கொடுத்தது மந்திரம் சார்தான்.

சரி, மாமா மிஷினுக்கு வருவோம். இப்ப இரும்பு பாஸ்பேட் செல் நாலு. ஒண்ணு 3.2, மொத்தம் 12.8 வோல்ட். ஒரு செல்லோட உச்சவரம்பு 3.65. மறந்துபோய் அந்தப் பழைய சார்ஜரை மாட்டினாலும், 14.4-ஐ நாலால வகுத்தா 3.6. வரம்புக்குள்ளதான் நிக்குது. பிஎம்எஸ் போர்டு இந்தத் தடவை முதல் நாளே போட்டாச்சு. தனி சார்ஜரும் வாங்கிக் கொடுத்துட்டேன்.

கோடு எழுதும்போது, யூசர் எதைத் தப்பா அழுத்துவான்னு யோசிச்சு எழுதறோம். வயக்காட்டுக்குப் போற பேட்டரிக்கு அதை யோசிக்காம விட்டது என் தப்பு. புது பேக்கைக் கையில வாங்கின மாமா கேட்ட ஒரே கேள்வி: "மாப்ள, இதைக் கொட்டகைக்குள்ள வைக்கலாமா?"

"வைக்கலாம் மாமா. ஆனா கன்னுக்குட்டியைக் கொஞ்சம் தள்ளியே கட்டுங்க."

அடுத்த எபிசோடுல பார்ப்போம், மக்களே.