இருளும் வேகமும்: மா. கிருஷ்ணனின் கறுப்பு வெள்ளை

பனவடலிசத்திரம் வட்டாரக் கோயில் கொடைகளில், நள்ளிரவுச் சாமியாட்டத்தைக் கைப்பேசியில் துல்லியமாகப் பிடித்துவிடுகிறார்கள் இன்றைய இளைஞர்கள். ஒளி குறைந்த இடத்தில் விரைந்து அசைவதைப் படமாக்குவது நெடுங்காலம் இயலாத செயலாகவே இருந்தது. 1858இல் லின்னேயஸ் டிரைப் எடுத்த மதுரைப் படங்களில் கற்றூண்கள் தெளிவாக நிற்கின்றன. நடமாடியவர்கள் பெரும்பாலும் இல்லை. அன்றைய தாள் நெகட்டிவ் ஒளியை உள்வாங்கி முடிப்பதற்குள் அவர்கள் கடந்து போயிருந்தார்கள்.

இதற்கு ஒரு மாற்று, ஒளியை உடன் கொண்டு செல்வது. 1887இல் ஜெர்மனியில் மீத்தே, கேடிக்கே இருவரும் மக்னீசியம் கலந்த வெடிப்பொடியை உருவாக்கினர். அத்தகைய பொடியைக் கொண்டுதான் வனத்துறை அதிகாரி எஃப். டபிள்யூ. சாம்பியன், சிவாலிக் காடுகளில் புலி நடக்கும் தடத்தில் கம்பி கட்டிவைத்தார். புலி இடறியதும் பொடி மின்னியது. 1925 அக்டோபரில் லண்டன் வார இதழொன்றில் அப்படங்கள் வெளிவந்து வியப்பூட்டின. அருஞ்செயல்தான்; எனினும் படத்துக்குரிய கணத்தைத் தேர்ந்தெடுத்தது புலியே அன்றிக் கலைஞர் அல்லர்.

கணத்தைத் தாமே தேர்ந்தெடுக்க விரும்பியவர் மா. கிருஷ்ணன். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் கடைசிப் பிள்ளை. 1912இல் திருநெல்வேலியில் பிறந்தவர். இலக்கிய வாசகர்களாகிய நாம் அவரது உரைநடையைப் போற்றுகிறோம்; படங்களையோ உரைக்குத் துணையாகவே பார்த்துப் பழகிவிட்டோம்.

அவர் வாழ்நாள் முழுதும் கறுப்பு வெள்ளையையே பற்றி நின்றதை வெறும் பழமைப் பற்று என்பது பொருந்தாது. 1935இல் வந்த கொடாக்குரோம் வண்ணப் படச்சுருளின் வேக எண் ஏறத்தாழ 10. 1954இல் சுருளாக வெளிவந்த டிரை-எக்ஸ் கறுப்பு வெள்ளைக்கோ 200. அதாவது, மர நிழலில் முன்னதற்கு நொடியில் பத்தில் ஒரு பங்கு தேவைப்பட்டால், பின்னதற்கு இருநூற்றில் ஒரு பங்கு போதும். பத்தில் ஒரு பங்கில் யானையின் காது வெறும் புகையாகிவிடும். அவரோ பல வேளைகளில் வளர்ப்பு யானையின் முதுகில் அமர்ந்து படமெடுத்தவர். முக்காலி ஊன்ற வழியில்லை. அமர்ந்திருக்கும் இடமே மூச்சு விட்டு அசைந்துகொண்டிருக்கும். எதிரே அசைவு, அடியிலும் அசைவு! இந்த நெருக்கடியில் வண்ணத்தை விட்டுக்கொடுத்து நேரத்தைப் பெறுவதே அறிவுடைமை என்று நமக்குத் தோன்றுகிறது.

வெவ்வேறு கருவிகளின் உறுப்புகளை ஒட்டிப் பூட்டித் தாமே அமைத்த பருத்த காமிராவுக்கு அவர் 'சூப்பர் பாண்டரோசா' என்று பெயரிட்டிருந்தார். அதைக் கண்ட இயற்கையியலர் இ. பி. ஜீ, கம்பியும் கயிறும் எங்கோ இருந்தே தீரும் என்ற பொருள்பட நகையாடி எழுதினார்.

கிருஷ்ணன் 1996இல் மறைந்தார். தமிழ்க் கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் 'மழைக்காலமும் குயிலோசையும்' எனத் தொகுத்தார். 2006இல் 'ஐ இன் தி ஜங்கிள்' என்ற ஆங்கில நூலில் படங்கள் தொகுக்கப்பட்டன. அந்நூலைப் புரட்டுவோர் யானைகளின் காது விளிம்பைச் சற்று உற்று நோக்க வேண்டும். அசைவு முதலில் தெரியக்கூடிய இடம் அதுவே.