புண்ணுக்கு முந்திய தளர்ச்சி

படுக்கைப்புண் வருமா என்று முன்கூட்டிக் கணிக்கும் முறை ஆஸ்பத்திரி வார்டில் பிறந்தது. இங்கிலாந்துச் செவிலியர் டோரீன் நார்ட்டனும் உடனாய்வாளர்களும் முதியோர் வார்டுகளை ஆராய்ந்து 1962இல் நூல் வெளியிட்டார்கள். உடல்நிலை, மனநிலை, நடமாட்டம், அசையும் திறன், சிறுநீர்-மலக் கட்டுப்பாடு என ஐந்துக்கும் மதிப்பெண் போட்டு, 20க்கு 14 அல்லது அதற்குக் கீழே வந்தால் ஆபத்து என்றார்கள். தோலில் எதைத் தேய்ப்பது என்பதைவிட, நேரம் தவறாமல் புரட்டிப் படுக்கவைப்பதே முக்கியம் என்பதும் அப்போது தெளிவானது. 1987இல் வந்த பிரேடன் அளவுகோல் ஊட்டம், ஈரம், உணர்ச்சி, உராய்வு ஆகியவற்றையும் கணக்கில் எடுத்தது. 2001இல் முதியோர் மருத்துவ ஆய்வாளர் லிண்டா ஃபிரைட்டின் குழு முதுமைத் தளர்ச்சிக்கு ஐந்து அடையாளங்களை வகுத்தது: காரணமின்றி எடை குறைதல், ஓயாத அசதி, பிடி தளர்தல், நடை மெதுவாதல், உடலுழைப்பு குறைதல். கணிப்பு இப்படிப் புண்ணைவிட்டு, அதற்கு வெகு முன்பே தொடங்கும் தளர்ச்சியை நோக்கிப் பின்னால் நகர்ந்திருக்கிறது. இனி அது வார்டைவிட்டு வீட்டுக்கும் நகர வேண்டும்.

திருப்பூரில் அந்தத் தேவை கண்கூடு. 1980களின் ஏற்றுமதி வளர்ச்சியில் பனியன் கம்பெனிகளுக்கு வந்த இளைஞர்கள் இன்று அறுபதை ஒட்டியோ கடந்தோ இருக்கிறார்கள். சர்க்கரை பாதத்தின் உணர்ச்சியைக் குறைக்கும். பக்கவாதம் தானாகப் புரள விடாது. சிறுநீரக நோய் உடலை உருக்கும். மூன்றும் ஒருவரிடமே சேரும்போது, பார்த்துக்கொள்ள வேண்டிய மகனோ மருமகளோ பீஸ் ரேட்டில் ஓவர்லாக் தைத்துக்கொண்டிருப்பார்கள். 1978இல் டாக்டர் வி.எஸ்.நடராசன் சென்னையில் தொடங்கிய முதியோர் மருத்துவப் பிரிவு பெரிய முன்னேற்றம். ஆனால் படுத்துவிட்டவரால் அங்கே போக முடியாது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய, வீடு தேடி வரும் தமிழக அரசுத் திட்டமான மக்களைத் தேடி மருத்துவம்தான் வாசற்படி தாண்டி உள்ளே வந்தது.

மதிப்பெண் தாள் புண்ணைக் குறைக்கும் என்பதற்கு உறுதியான சான்று இல்லையே என்பது நியாயமான மறுப்பு. தாள் புண்ணைத் தடுக்காது என்பது உண்மைதான். புரட்டும் கைதான் தடுக்கும். ஆனால் எந்த வீட்டுக்கு அந்தக் கை முதலில் போக வேண்டும் என்று சொல்ல ஒரு அளவு வேண்டும். உடன் இருப்பவருக்கே தெரியாதா என்பது இன்னொரு மறுப்பு. நம் கறுத்த தோலில் முதல் சிவப்பு எளிதில் தெரியாது. சூடும் இறுக்கமும் தொட்டால்தான் புலப்படும், அதற்குப் பயிற்சி வேண்டும். மக்களைத் தேடி மருத்துவத்தில் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கப் போகும் தன்னார்வலர், நடையையும் பிடியையும் பார்த்து, இடுப்பையும் குதிகாலையும் தொட்டுப் பார்க்க ஆகும் நேரம் சில நிமிடங்களே. இந்த ஊரின் உழைப்பாளிகளுக்கு அது சலுகை அல்ல, உரிமை.