இரண்டு நேம்சர்வர் ஏன்? டிஎன்எஸ் பிறந்த கதை

சொந்தமாக ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து அதில் தன் இணையதளத்தை ஏற்ற நினைப்பவர் முதலில் முட்டிக்கொள்ளும் இடம் டொமைன் அமைப்புதான். லினக்ஸ் நிறுவியாகிவிட்டது. அப்பாச்சி ஓடுகிறது. ஐபி எண்ணை உலாவியில் தட்டினால் பக்கம் வருகிறது. ஆனால் காசு கொடுத்து வாங்கிய பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. பெயரை விற்ற நிறுவனமோ, "உங்கள் நேம்சர்வர்கள் இரண்டின் பெயரைக் கொடுங்கள்" என்கிறது. கையில் இருப்பதே ஒரு சர்வர்! எதற்கு இரண்டு?

கேள்விகள் அதோடு நிற்பதில்லை. டொமைனின் விவரங்களை எழுதிவைக்கும் ஸோன் கோப்பில் முழுப்பெயர்களின் கடைசியில் ஒரு புள்ளி வைக்கச் சொல்கிறார்கள். பொறுப்பாளரின் மின்னஞ்சல் முகவரியில் @ குறியை எடுத்துவிட்டு அங்கேயும் ஒரு புள்ளி வைக்கச் சொல்கிறார்கள். செய்முறைப் பாடங்கள் "இப்படிச் செய்" என்று சொல்லுமே தவிர, ஏன் என்று சொல்வதில்லை. காரணங்கள் எல்லாம் 1970களிலும் 80களிலும் கிடக்கின்றன.

ஒரே ஒரு கோப்பு

இணையத்தின் முன்னோடி அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் அர்ப்பாநெட். அதில் இணைந்த ஒவ்வொரு கணினிக்கும் ஓர் எண் உண்டு. எண்களை மனிதர்களால் நினைவில் வைக்க முடியாது என்பதால் பெயர்களும் வைத்தார்கள். எந்தப் பெயருக்கு எந்த எண் என்ற பட்டியலை ஆரம்பத்தில் ஒவ்வொரு நிலையமும் தனித்தனியாக எழுதிவைத்துக்கொண்டது. ஆளுக்கொரு பட்டியல் என்றால் குழப்பத்துக்குக் கேட்கவா வேண்டும்? இது வீண்வேலை, எல்லோருக்கும் பொதுவாக ஒரு பட்டியல் வேண்டும் என்று 1973 டிசம்பரில் பீட்டர் டாய்ட்ச் என்பவர் ஒரு குறிப்பு எழுதினார்.

அதன்பிறகு அந்தப் பொதுப் பட்டியல் கலிபோர்னியாவின் மென்லோ பார்க்கில், எஸ்.ஆர்.ஐ. ஆய்வு நிறுவனத்தின் தகவல் மையத்துக்கு வந்து சேர்ந்தது. மையத்தை நடத்தியவர் எலிசபெத் ஃபைன்லர். பட்டியல் இருந்த கோப்பின் பெயர் ஹோஸ்ட்ஸ் டாட் டிஎக்ஸ்டி. புதிய கணினி ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால் அலுவலக நேரத்தில் அந்த மையத்துக்குத் தொலைபேசியில் சொல்ல வேண்டும், அல்லது மின்னஞ்சல் அனுப்ப வேண்டும். அவர்கள் கோப்பில் ஒரு வரி சேர்ப்பார்கள். மற்ற நிலையங்கள் அவ்வப்போது அந்தக் கோப்பை இறக்கிக்கொள்ளும். அன்றைய உலகின் முழுப் பெயர்ப் புத்தகமும் ஒரே மேசையில் இருந்தது என்றால் மிகையில்லை.

1981 ஆகஸ்டில் வலையில் இருந்தவை 213 கணினிகள். 1983 ஆகஸ்டில் 562. அடுத்த ஆண்டு அக்டோபரில் ஆயிரத்தைத் தாண்டியது. இங்கேதான் ஒரு கணக்கு உதைத்தது. கணினிகள் இரட்டிப்பானால் கோப்பின் நீளமும் இரட்டிப்பாகும், அதை இறக்கிக்கொள்ள வருபவர்களும் இரட்டிப்பாவார்கள். ஆக மொத்தச் சுமை நான்கு மடங்கு! இன்னொரு சிக்கல், பெயர் மோதல். உலகம் முழுவதற்கும் ஒரே வரிசையில் பெயர் வைத்தால் நல்ல பெயர்கள் எத்தனை பேருக்குக் கிடைக்கும்? இதைவிடப் பெரிய குறை ஒன்றும் இருந்தது. ஒரு பல்கலைக்கழகம் தன் கட்டிடத்துக்குள் ஒரு கணினியை இடம் மாற்றினால்கூட, அதை வெகுதூரத்தில் இருக்கும் ஓர் அலுவலகம் பதிவுசெய்யும்வரை காத்திருக்க வேண்டும். அந்த மையத்தில் இருந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். ஏற்பாடுதான் அப்படி.

பேரேட்டைப் பிரித்துக் கொடுத்தவர்

இதற்கு என்ன செய்யலாம் என்று ஐந்து யோசனைகள் சுற்றிக்கொண்டிருந்தன. தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் தகவல் அறிவியல் நிறுவனத்தில் இருந்த ஜான் போஸ்டல், ஐந்தையும் பார்த்து ஒரு சமரசம் கண்டுபிடிக்கும்படி தன்னோடு பணியாற்றிய பால் மொக்கபெட்ரிஸிடம் சொன்னார். மொக்கபெட்ரிஸ் ஐந்தையும் ஓரமாக வைத்துவிட்டு ஆறாவதாகத் தானே ஒன்றை எழுதினார். 1983 நவம்பரில் ஆர்.எஃப்.சி. 882, 883 என்ற இரண்டு ஆவணங்களாக அது வெளிவந்தது. இன்றுள்ள டிஎன்எஸ் அதுதான். 1987 நவம்பரில் அவரே அதைத் திருத்தி 1034, 1035 என்று மீண்டும் வெளியிட்டார்.

அவர் செய்தது இதுதான்: தலைமையகத்தில் இருந்த ஒரே பேரேட்டைப் பிரித்து, அந்தந்த ஊரின் பக்கத்தை அந்தந்த ஊரிடமே கொடுத்துவிட்டார். மேலே இருப்பவர்களிடம் மிஞ்சியது "இந்த ஊரைப் பற்றி யாரைக் கேட்க வேண்டும்" என்ற ஒரு வரி மட்டும்தான். டாட் காமை நடத்துபவருக்கு உதாரணம் டாட் காமின் வலைப்பக்கம் எங்கே இருக்கிறது, அஞ்சல் எங்கே போகிறது என்று எதுவும் தெரியாது. "அதன் நேம்சர்வரைக் கேள்" என்று கைகாட்டுவார், அவ்வளவே. அந்தக் கைகாட்டிதான் என்எஸ் ரெக்கார்டு. இன்று சொந்த சர்வரில் ஸோன் கோப்பு எழுதுகிறவர், ஃபைன்லரின் மையம் ஊருக்கெல்லாம் செய்துவந்த வேலையைத் தன் பெயருக்குத் தானே செய்துகொள்கிறார்.

கடைசிப் புள்ளியின் மர்மமும் இங்கேதான் விடுபடுகிறது. மொக்கபெட்ரிஸ் பெயர்களைத் தலைகீழ் மரமாக அமைத்தார். மரத்தின் உச்சியில் பெயரே இல்லாத வேர். அதன் கீழே காம், அதன் கீழே உதாரணம். பெயரின் முடிவில் வைக்கும் புள்ளி அந்தப் பெயரில்லாத வேரைக் குறிக்கிறது. "இதோடு முடிந்தது" என்று சொல்கிறது. புள்ளி இல்லாவிட்டால் அது பாதிப் பெயர் என்று நினைத்து, மென்பொருள் டொமைனின் பெயரை வாலாக ஒட்டிவிடும். உதாரணம்.காம் என்பது உதாரணம்.காம்.உதாரணம்.காம் ஆகிவிடும்! @ குறியின் கதையும் இதைப் போன்றதுதான். ஸோன் கோப்பில் அந்தக் குறிக்கு "இந்த டொமைனே" என்று பொருள். ஆகவே மின்னஞ்சல் முகவரியில் அதன் இடத்தைப் புள்ளிக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று.

சரி, இரண்டு நேம்சர்வர்? பேரேட்டின் பக்கத்தை ஊரிடமே கொடுத்தால், அந்த ஊரில் விளக்கு அணையும்போது அந்தப் பக்கத்தை யாரும் படிக்க முடியாது. பழைய ஏற்பாட்டில் இந்த ஆபத்து இல்லை. கோப்பின் நகல் எல்லோரிடமும் இருந்தது. எனவே ஒவ்வொரு ஸோனும் குறைந்தது இரண்டு சர்வர்களில் இருந்தே ஆக வேண்டும் என்று 1987ஆம் ஆண்டு ஆவணத்தில் நிர்வாக ஆணையாகவே எழுதிவைத்தார்கள். கட்டாயம் கணினியால் வந்ததல்ல, மனிதர்கள் போட்டது. ஒரே சர்வருக்கு இரண்டு பெயர் வைத்து இந்த விதியை ஏமாற்றுபவர்கள் ஏராளம். பெரிய நிறுவனங்களும் கிட்டத்தட்ட அதையே செய்து மாட்டிக்கொண்டதுண்டு. 2001 ஜனவரியில் மைக்ரோசாஃப்டின் இணையதளங்கள் ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க எட்டாமல் போயின. அவர்களிடம் நேம்சர்வர்கள் நான்கு இருந்தன. நான்கும் ஒரே வலைப்பிரிவில் இருந்தன. ரவுட்டர் அமைப்பில் ஒருவர் செய்த மாற்றம் தவறாகப் போனதும் நான்கும் ஒன்றாக மறைந்தன.

மாணவர்கள் எழுதிய மென்பொருள்

ஆவணம் இருந்தால் போதுமா, ஓடும் மென்பொருள் வேண்டாமா? 1984இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் டக்ளஸ் டெர்ரி, மார்க் பெயின்டர், டேவிட் ரிகிள், சாங்னியன் சௌ என்ற நான்கு பட்டமேற்படிப்பு மாணவர்கள் யூனிக்ஸ் கணினிகளுக்காக பைண்ட் என்ற மென்பொருளை எழுதினார்கள். பெர்க்லியின் யூனிக்ஸோடு சேர்ந்து அது பல்கலைக்கழகம் பல்கலைக்கழகமாகப் பரவியது. பிற்பாடு பால் விக்ஸி அதைக் கையிலெடுத்துப் பல ஆண்டுகள் காப்பாற்றினார். 2000இல் முற்றிலும் புதிதாக எழுதப்பட்ட ஒன்பதாம் பதிப்பு வந்தது. மாணவர்களின் வேலை ஒன்று உலகத்தின் முதுகெலும்பாகிப் போனது!

1985 மார்ச் 15 அன்று சிம்பாலிக்ஸ் என்ற கணினி நிறுவனம் முதல் டாட் காம் பெயரைப் பதிவுசெய்தது. பத்து ஆண்டுகள் இது இலவசமாகவே நடந்தது. 1995 செப்டம்பரில்தான் நெட்வொர்க் சொல்யூஷன்ஸ் நிறுவனம் இரண்டு ஆண்டுகளுக்கு 100 டாலர் கேட்கத் தொடங்கியது. ஆனால் சொந்த சர்வர்காரர்களுக்கு அதைவிட முக்கியமான மாற்றம் 1997 ஜனவரியில் வெளிவந்த எச்டிடிபி 1.1. அதற்கு முந்தைய முறைப்படி ஒரு சர்வரில் பத்து டொமைன்களை வைக்கப் பத்து ஐபி எண்கள் வேண்டும். வந்திருக்கும் உலாவி எந்தப் பெயரைத் தேடி வந்தது என்று சர்வருக்குத் தெரியாதே. புதிய முறையில் உலாவி பெயரையும் சேர்த்துச் சொல்லியாக வேண்டும். ஒரே எண்ணில் நூறு டொமைன் குடியிருக்கும் இன்றைய மலிவு ஹோஸ்டிங் அதிலிருந்து பிறந்தது.

பலரும் மறக்கும் ஒரு படியையும் இங்கே சொல்ல வேண்டும். உதாரணம் டாட் காமின் நேம்சர்வருக்கே என்எஸ்1.உதாரணம்.காம் என்று பெயர் வைத்தால், அதன் எண்ணைத் தெரிந்துகொள்ள அதையேதான் கேட்க வேண்டும். கிணற்றுக்கு வழி கிணற்றுக்குள்ளே எழுதியிருக்கும் கதை. ஆகவே அந்த எண்ணை மட்டும் மேலே உள்ள டாட் காமிடமும் கொடுத்துவைக்கிறார்கள். இதற்கு க்ளூ ரெக்கார்டு, அதாவது பசை என்று பெயர். எல்லாம் சரியாக எழுதியும் டொமைன் வேலை செய்யவில்லை என்றால், பெரும்பாலும் இந்தப் பசை ஒட்டப்படாமல் இருக்கும்.

வேர் யாருடையது?

கீழே உள்ள பக்கங்களை ஊர்களிடம் கொடுத்தாயிற்று. உச்சியில் உள்ள வேர் யார் கையில்? 1998 ஜனவரி 28 அன்று ஜான் போஸ்டல் வேர் சர்வர்களை நடத்துவோரில் எட்டுப் பேருக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பினார். இனிமேல் நெட்வொர்க் சொல்யூஷன்ஸின் சர்வரிலிருந்து அல்லாமல் தன் நிறுவனத்தின் சர்வரிலிருந்து வேரின் கோப்பை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அவர்களும் எடுத்துக்கொண்டார்கள்! அரசு ஆணை இல்லை, ஒப்பந்தம் இல்லை. போஸ்டல் சொன்னார் என்பது மட்டுமே காரணம். வெள்ளை மாளிகை கொதித்துப்போய்த் திருப்பச் சொன்னது. அது ஒரு சோதனைதான் என்று சொல்லி அவர் திருப்பிவிட்டார். அதே ஆண்டு செப்டம்பரில் ஐகேன் அமைப்பு உருவானது. அக்டோபர் 16 அன்று போஸ்டல் காலமானார். அமெரிக்க அரசு தன் மேற்பார்வையை விட்டுக்கொடுக்க 2016 அக்டோபர் வரை ஆயிற்று.

பழைய கோப்பு விட்டுச்சென்ற இன்னொரு தடை எழுத்து. பெயரில் ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு மட்டுமே வரலாம் என்பது அந்த ஹோஸ்ட்ஸ் கோப்பின் காலத்து விதி. 2010, 2011 ஆண்டுகளில் டாட் இலங்கை, டாட் இந்தியா, டாட் சிங்கப்பூர் என்று தமிழிலேயே உச்சிப் பெயர்கள் வந்தபோதும் அந்த விதி உடைக்கப்படவில்லை. திரையில் தமிழ் தெரியும். ஸோன் கோப்பிலோ எக்ஸ்என் என்று தொடங்கும் ஒரு புரியாத ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் எழுத வேண்டும்.

வல்லுநர்களும் இந்தக் கோப்புகளில் சறுக்கியிருக்கிறார்கள். 2009 அக்டோபர் 12 அன்று சுவீடனின் டாட் எஸ்இ ஸோனைப் புதுப்பித்த நிரல் முடிவுப் புள்ளியை வைக்க மறந்துவிட்டது. ஏறத்தாழ 9 லட்சம் டொமைன்கள் ஒரே நொடியில் காணாமல் போயின. தவறை ஒரு மணி நேரத்துக்குள் திருத்திவிட்டார்கள். ஆனால் உலகெங்கும் உள்ள சர்வர்கள் தவறான பதிலை நினைவில் வைத்துக்கொண்டிருந்ததால் பாதிப்பு அதற்கும் மேல் நீடித்தது. புதிதாக ஸோன் கோப்பு எழுதுகிறவர் முதல் நாளில் செய்யும் அதே தவறு!

அந்த மென்லோ பார்க் பட்டியலின் வாரிசு இன்னும் சாகவில்லை. விண்டோஸானாலும் லினக்ஸானாலும் ஒவ்வொரு கணினியிலும் ஹோஸ்ட்ஸ் என்ற பெயரில் ஒரு சிறு கோப்பு இருக்கிறது. புதிய சர்வருக்குத் தளத்தை மாற்றுகிறவர்கள் டிஎன்எஸ்ஸைத் தொடுவதற்கு முன்பு, அந்தக் கோப்பைத் திறந்து புதிய ஐபி எண்ணையும் டொமைன் பெயரையும் ஒரு வரியில் எழுதி, தளம் சரியாக வருகிறதா என்று முதலில் தங்கள் கணினியில் மட்டும் பார்த்துக்கொள்கிறார்கள்.