பட்டிப்பூவின் கதை

சென்ற மாதம் கனடாவிலிருந்து பழைய வாசகர் ஒருவர் மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அவருடைய தமக்கையாரின் பேரனுக்கு ஆறு வயது. குருதிப் புற்றுநோய் என்று கண்டறிந்து வைத்தியசாலையில் சிகிச்சை அளிக்கிறார்கள். பிள்ளையின் தலைமயிர் கொட்டுவதையும் கால்கள் சோர்வதையும் காணப் பொறுக்காத தமக்கையார், ஊசியை நிறுத்திவிட்டு ஊரிலிருந்து பட்டிப்பூ இலையை வரவழைத்துக் கஷாயம் கொடுப்போம் என்று பிடிவாதமாக நிற்கிறாராம். "அண்ணை, பட்டிப்பூவைப் பற்றி அந்த நாளில் நீங்கள்தானே பேப்பரில் போட்டனீங்கள்? கொடுக்கலாமோ?" என்று கேட்டிருந்தார்.

போட்டவன் நான்தான். எண்பதுகளின் முற்பகுதியில், பக்கத்தின் மூலையில் மிஞ்சிய இடத்தை நிரப்புவதற்காக, பட்டிப்பூவில் புற்றுநோய்க்கு மருந்துண்டு என்று நாலைந்து வரித் துணுக்கொன்றை எழுதினேன். அதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் சொல்லாமல் விட்டதே அதிகம். அதனை இப்போதாவது சொல்ல வேண்டியிருக்கிறது.

தமிழகத்தார் நித்தியகல்யாணி என்றும் சுடுகாட்டு மல்லி என்றும் அழைக்கும் இச்செடி நம்முடைய மண்ணுக்குரியதன்று. அதன் தாயகம் மடகஸ்கார் தீவு. ஐரோப்பியரின் தோட்டங்களுக்குச் சென்று, லின்னேயஸ் 1759 இல் பெயர் சூட்டிய பின்னர், வெப்ப வலய நாடுகள் எங்கும் பரவிற்று. ஆடுமாடு வாய்வைக்காத செடியாதலால் வேலியோரங்களில் தானாகவே பெருகிக்கொண்டது. சென்ற இடமெல்லாம் மக்கள் அதனை நாட்டு மருந்தாக்கினர். பெரும்பாலும் நீரிழிவுக்கே அதன் கஷாயத்தைக் குடித்தார்கள்.

1952 இல் ஜமெய்க்காவிலிருந்து சில பட்டிப்பூ இலைகள் கனடாவுக்குத் தபாலில் வந்தன. அங்குள்ளவர்கள் நீரிழிவுக்கு இதன் சாற்றைக் குடிக்கிறார்கள் என்ற குறிப்போடு அவை கிளார்க் நோபிள் என்ற வைத்தியருக்குக் கிடைத்தன. அவர் அவற்றைத் தம் தம்பி றொபேட் நோபிளிடம் சேர்ப்பித்தார். தம்பி ஒண்டாரியோ மாகாணத்து லண்டன் நகரில், வெஸ்ரேர்ண் ஒண்டாரியோ பல்கலைக்கழகத்தில் ஆய்வாளராக இருந்தவர்.

றொபேட் நோபிள் இலைச்சாற்றை விலங்குகளுக்கு வாய்வழியே கொடுத்துப் பார்த்தார். குருதியிலுள்ள சர்க்கரை குறையவில்லை. வேறொருவராயின் அத்துடன் கோப்பை மூடியிருப்பார். அவரோ அதே சாற்றை எலிகளுக்கு ஊசி மூலம் ஏற்றினார். அப்போதும் சர்க்கரை அசையவில்லை. ஆனால் ஒரு வாரத்துக்குள் எலிகள் பற்றீரியாத் தொற்றினால் மடிந்தன. ஏன் மடிந்தன என்று ஆராய்ந்தபோது, அவற்றின் வெண்குருதிக் கலங்கள் பெருமளவில் குறைந்திருப்பதும் என்பு மச்சை ஒடுங்கியிருப்பதும் தெரியவந்தன. தொற்றை எதிர்க்கும் படையே இல்லாமற் போயிருந்தது.

வெண்கலங்கள் கட்டுக்கடங்காமல் பெருகுவதுதானே குருதிப் புற்றுநோய்? எலிகளைக் கொன்ற நஞ்சு மனிதரைக் காக்கக்கூடுமோ என்ற எண்ணம் அங்கேதான் பிறந்தது. 1954 இல் சார்ள்ஸ் பியர் என்ற இரசாயன ஆய்வாளர் நோபிளுடன் இணைந்தார். இலையிலுள்ள எண்ணற்ற அல்கலொயிட்டுகளிலிருந்து அந்த ஒன்றைப் பிரித்தெடுக்க அவர்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமன்று. 1958 இல் அவர்கள் அறிவித்த பொருளே வின்பிளாஸ்ரின். அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி மருந்து நிறுவனத்திலும் கோர்டன் சுவபோடா, ஏர்விங் ஜோன்சன் ஆகியோர் இதே செடியை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அங்கிருந்து வெளிவந்த வின்கிறிஸ்ரினுக்கு 1963 இல் அமெரிக்க அரசின் அனுமதி கிடைத்தது.

கலமொன்று இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்களை இருபுறமும் இழுத்துச் செல்வதற்கு நுண்ணிய குழாய்கள் உருவாகின்றன. இம்மருந்து அக்குழாய்களை ஆக்கும் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. குழாய் உருவாகாது, பிரிவு பாதிவழியில் நின்றுவிடும், கலம் மடியும். வேகமாகப் பெருகும் புற்றுநோய்க் கலங்களுக்கே பெருஞ்சேதம். எனினும் மயிர் வேர்களும் தப்புவதில்லை. நரம்புகளுக்கும் இக்குழாய்கள் வேண்டியிருப்பதால் கைகால் விறைப்பும் சோர்வும் உண்டாகின்றன. எனவே வின்கிறிஸ்ரினை ஒரு தடவையில் 2 மில்லிகிராமுக்கு மேல் பொதுவாகக் கொடுப்பதில்லை. அதுவும் நாளத்தினுள் மட்டுமே. தவறுதலாக முள்ளந்தண்டுப் பாய்மத்தினுள் ஏற்றப்பட்டால் உயிர் தப்புவது அரிது.

அந்த மில்லிகிராமை இலையிலிருந்து பெறுவதோ பெரும்பாடு. ஒரு கிராம் மருந்துக்கு நூற்றுக்கணக்கான கிலோகிராம் காய்ந்த இலை வேண்டும். திருநெல்வேலி, இராமநாதபுரம் மாவட்டங்களின் வறண்ட நிலங்களில் தமிழ் விவசாயிகள் நித்தியகல்யாணியைப் பயிரிட்டதும், அதன் இலையும் வேரும் மேலைநாடுகளுக்குக் கப்பலேறியதும் இதனாலேயே. எந்த நோய்க்கு அவை போகின்றன என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிந்திருப்பரோ! மருந்தினால் வந்த பெரும் இலாபத்தில் மடகஸ்காருக்குப் பங்கு கிடைக்கவில்லை என்ற குறை நெடுங்காலமாக உண்டு. தாவரவளம் அந்தந்த நாட்டுக்கே உரித்து என்று கூறும் உயிர்ப்பல்வகைமை உடன்படிக்கை 1992 இல்தான் வந்தது. ஜமெய்க்காவின் பெயரோ அந்த வழக்கில்கூட அதிகம் பேசப்படுவதில்லை.

அறுபதுகளின் தொடக்கம் வரை குருதிப் புற்றுநோய் கண்ட பிள்ளை பிழைப்பது அபூர்வம். வின்கிறிஸ்ரின் தனித்துச் சாதித்ததன்று. ஏனைய மருந்துகளோடு சேர்த்து, அளவும் முறையும் பிசகாமல் ஆண்டுக்கணக்கில் கொடுத்தே வைத்தியர்கள் வழி கண்டனர். இன்று வசதியுள்ள நாடுகளில், பிள்ளைகளுக்கு அதிகமாக வரும் வகையில் பத்துக்கு ஒன்பது பேர் ஐந்தாண்டு கடந்து வாழ்கின்றனர்.

வாசகருக்கு இவ்வளவையும் எழுதினேன். கஷாயத்தில் எவ்வளவு நஞ்சு இறங்கும் என்று எவராலும் அளக்க இயலாது என்பதையும், நோபிளின் ஆய்வகத்தில் வாய்வழிச் சாறு பயன் தராததையும் சேர்த்தேன். பிள்ளைக்கு ஏற்றும் மருந்துகளின் பெயர்களை வைத்தியரிடம் கேட்டு எழுதும்படியும் வேண்டினேன். நான்கு நாள் கழித்துப் பதில் வந்தது. முதல் பெயரே வின்கிறிஸ்ரின். தமக்கையாரிடம், "அக்கா, பட்டிப்பூதான் ஏற்றுகிறார்கள்" என்று சொன்னாராம். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லையாம். மறுநாள் பிள்ளையுடன் வைத்தியசாலைக்குத் தாமே புறப்பட்டாராம்.